ஈஜென் எரிமலைக்கு டூர் புக் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பாலிக்குப் போகிற நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது ‘ஒரே ராத்திரியில் ஈஜென், நீல நெருப்பு’ என்கிற பேக்கேஜையும் சேர்த்தே வாங்குகிறார்கள். நானும் தங்கச்சியும் அப்படித்தான் பாலியில் குத்தா என்கிற ஊரில் ஒரு டூர் ஏஜென்சியில் முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனோம். லைசென்ஸ் உள்ள கைடு, நல்ல வாயு மாஸ்க், மருத்துவச் சான்றிதழ், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம் என்றார்கள். தங்கச்சிக்கு வீசிங் உண்டு என்று புக் பண்ணும்போதே சொன்னோம். “மாஸ்க் இருக்கு, ஒன்றும் ஆகாது” என்றார் கவுன்டரில் இருந்தவர்.

ஈஜென் இருப்பது பாலியில் இல்லை, கடலைத் தாண்டி கிழக்கு ஜாவாவில், பன்யுவாங்கி பக்கம். இன்னும் அடங்காத எரிமலை. அதன் வாயாக இருக்கிற பள்ளத்தின் அடியில் பாறை வெடிப்புகளிலிருந்து கந்தக வாயு 600 டிகிரி வரையான சூட்டில் சீறிக்கொண்டு வந்து, காற்றுப் பட்டதும் நீலமாக எரிகிறது, அதைப் பார்க்கத்தான் நடு ராத்திரியில் ஏறுவது. பக்கத்திலேயே ஒரு ஏரி, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அந்தத் தண்ணீர் பேட்டரி ஆசிட் மாதிரி. கந்தக டை ஆக்சைடு காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்திலேயே தேங்கி நிற்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் இந்த மலையிலிருந்து வந்த வாயுவால் அடிவாரத்து ஊர்க்காரர்களே சுமார் 30 பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

கப்பலில் ஜாவா பக்கம் இறங்கியதும் வேனில் டிரைவர் ஒரு கட்டுத் தாளை எடுத்தார். டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் ஏற்கெனவே போட்ட மருத்துவச் சான்றிதழ்கள், பெயரும் வயதும் மட்டும் காலி. ரத்த அழுத்தம் உட்பட அவரே ஒரு பேனாவால் எழுதி நிரப்பி எங்களிடம் நீட்டினார். தங்கச்சியின் நெஞ்சில் யாரும் ஸ்டெதஸ்கோப் வைக்கவே இல்லை.

பால்டுடிங் என்கிற இடத்திலிருந்து விளிம்பு வரை 3 கிலோமீட்டர் ஏற்றம். அங்கே அறிவிப்புப் பலகையில் அன்றைக்குப் பள்ளத்துக்குள் இறங்கத் தடை என்று தெளிவாகப் போட்டிருந்தது. சரி, விளிம்போடு திரும்பிவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கைடு என்று வந்த பையனோ, பெரிய கும்பலை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போனவன், மேலே போனதும் “எல்லாரும் இறங்குறாங்க, நான் இங்கே நிற்க மாட்டேன், தனியா இருட்டில் நிற்கிறீங்களா?” என்று கேட்டு, இறங்குவதற்கென்று தலைக்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டான்.

அப்புறம் அந்த மாஸ்க். ரப்பர் வார் தொய்ந்து, முந்தைய ஆளின் வியர்வை வாடையோடு இருந்தது. பக்கவாட்டில் இருந்த, வாயுவை வடிகட்டுகிற டப்பாவில் பழுப்புப் பட்டை மட்டும். எந்த வாயுவுக்கான டப்பா என்பதைப் பட்டையின் நிறம்தான் சொல்லும். பழுப்பு என்றால் பெயின்ட், தின்னர் ஆவிக்கானது. கந்தக டை ஆக்சைடுக்கு மஞ்சள் பட்டை வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குச் சாம்பல். பழுப்பு, சாம்பல், மஞ்சள், பச்சை நாலும் சேர்ந்த டப்பாவும் கடைகளில் கிடைக்கிறது. காலாவதித் தேதியை ஓட்டலுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது, தேதி முடிந்து வருடக்கணக்காகிவிட்டது.

கீழே பாதிப் படியில் இருக்கும்போது காற்று திரும்பியது. வெள்ளைப் புகை மூடிக்கொண்டது, கண் எரிந்து திறக்க முடியவில்லை, தொண்டையில் மிளகாய்ப் பொடி போட்டது போல் இருந்தது. “அண்ணா, மூச்சு வரல” என்று தங்கச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைடு முன்னால் எங்கேயோ. கந்தகம் சுமக்கும் தொழிலாளி ஒருவர், 70 கிலோவுக்கும் மேல் கனக்கிற கூடைகளை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அவள் மூக்கில் பொத்தி, கையைப் பிடித்துப் புகைக்கு வெளியே ஏற்றிவிட்டார். இன்ஹேலர் அடித்தும் அவள் சரியாகப் பேச விடிந்துவிட்டது. அந்த மனிதர் எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை.

பாலி திரும்பி ஏஜென்சியில் கேட்டால், “எரிமலை இயற்கை, எங்கள் பொறுப்பு இல்லை, அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறோம்” என்கிறார்கள். இந்தோனேசியாவில் எல்லா டூர்காரர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023 டிசம்பர் 3 அன்று மேற்குச் சுமத்ராவில் மராபி எரிமலை வெடித்து 24 மலையேறிகள் இறந்தபோதும், எரிமலை முகத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை முன்பே அமலில்தான் இருந்தது.

போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே மாஸ்க் டப்பாவின் பட்டையும் தேதியும் தெரிகிற போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கிளம்பும் அன்று சாயங்காலம் எரிமலைகளைக் கண்காணிக்கிற இந்தோனேசிய அரசின் ‘மாக்மா இந்தோனேசியா’ தளத்தில் ஈஜென் எந்த எச்சரிக்கை நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், நாலு நிலைகளில் முதலாவதான இயல்பு நிலையைத் தாண்டியிருந்தால் இறங்கவே வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த டூரே வேண்டாம், எந்த கவுன்டர்காரர் என்ன சொன்னாலும் சரி. கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், மாஸ்க், சான்றிதழ் போட்டோக்களை இணைத்திருக்கிறேன்; பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.