'மோனின்' முதலில் கேட்கலாமா, 'ஃப்ரீ ஃபார் ஆல்' கேட்கலாமா?

ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியை எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்று கேட்டால், பெரும்பாலும் 'மோனின்' என்றுதான் பதில் வரும். நான் 'ஃப்ரீ ஃபார் ஆல்' பக்கம். இரண்டும் ப்ளூ நோட் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு, இரண்டையும் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். முதலாவது 1958 அக்டோபர் 30 அன்று, நியூ ஜெர்சி ஹாக்கென்சாக்கில் அவருடைய பெற்றோர் வீட்டுக் கூடத்தில் பதிவானது. அடுத்தது 1964 பிப்ரவரி 10, எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஸ்டூடியோவில்.

'மோனின்' மேல் குறை சொல்ல மனம் வராது. பாபி டிம்மன்ஸ் பியானோவில் ஒரு வரி வாசிக்க, டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டே சுரத்தில் "ஆமென்" போட்டுப் பதில் சொல்கின்றன. கறுப்பின தேவாலயத்தில் போதகரும் சபையும் பேசிக்கொள்வது போலவே இருக்கும். டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கனுக்கு அப்போது வயது 20. அவர் தன் சோலோவை (தனி வாசிப்பை) முடித்த கடைசிச் சுரவரியையே பிடித்துக்கொண்டு சாக்ஸபோன்காரர் பென்னி கோல்சன் தன்னுடையதைத் தொடங்குகிறார். அந்த இடத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஆறு பாடல்களில் நான்கு கோல்சன் எழுதியவை. எல்லாம் செதுக்கி வைத்த மாதிரி இருப்பதால், பிளேக்கி 'டிரம் தண்டர் சூட்' தவிர மற்ற இடங்களில் கோட்டுக்குள்ளேயே நிற்கிறார்.

'ஃப்ரீ ஃபார் ஆல்' அப்படியில்லை. வெய்ன் ஷார்ட்டர் எழுதிய தலைப்புப் பாடலில் அவர் சாக்ஸபோன் ஏற ஏற, கீழிருந்து பிளேக்கி நெருப்பு மூட்டுகிறார். ஸ்னேர் டிரம்மில் குச்சிகளை அழுத்தி உருட்டும் அவருடைய 'பிரஸ் ரோல்' முணுமுணுப்பாகக் கிளம்பி, பெருகி, வாசிப்பவரை அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடுகிறது. துணை வாசிப்பு என்று இதை எப்படிச் சொல்வது? பதினோரு நிமிடமும் பாட்டை இழுத்துப் போவதே டிரம்ஸ்தான். ஃப்ரெடி ஹப்பார்டின் டிரம்பெட்டோடு கர்டிஸ் ஃபுல்லரின் டிராம்போனும் சேர்வதால் மூன்று ஊதுகருவிகள். ஆனாலும் பிளேக்கியை அமுக்க முடியவில்லை. ஹப்பார்ட் எழுதிய 'தி கோர்', இன சமத்துவத்துக்குப் போராடிய 'கோர்' அமைப்பின் பெயரைத் தாங்கியது. அதிலும் அதே வேகம்.

மெட்டு மனதில் ஒட்ட வேண்டும் என்றால் 'மோனின்'தான், சந்தேகமில்லை. டிரம்மர் ஒருவர் குழுவை எப்படி நடத்துகிறார் என்று தெரிய வேண்டுமா, 'ஃப்ரீ ஃபார் ஆல்' கேளுங்கள். முதல் பாட்டின் சத்தம் மிரட்டினால் கடைசியில் இருக்கும் 'பென்சட்டிவா'வை முதலில் போடுங்கள். பிரேசிலின் போசா நோவா தாளம், அதே கைகள் அங்கே எவ்வளவு மெதுவாகத் தட்டுகின்றன என்று கேட்டுவிட்டு, பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பலாம்.