மருத்துவரின் எதிரில் அமரும் வரை: உண்ணுதல் கோளாறுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் குறித்து ஒரு மதிப்புரை

என் நெருங்கிய உறவுக்காரப் பெண்ணுக்கு உண்ணுதல் கோளாறு இருக்கக்கூடும் என்ற ஐயம் எங்களுக்கு எழுந்த நாளுக்கும், அந்த நோயை அறிந்த ஒரு மருத்துவரின் எதிரில் அவள் அமர்ந்த நாளுக்கும் இடையே எட்டு மாதங்கள் கழிந்தன. முதலில் பார்த்த மருத்துவர் அவளை எடைக்கருவியில் நிற்க வைத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அந்த எட்டு மாதங்களில் நான் படித்தவையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டவையும் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் வெளியிட்டவையே. ஆகவே அவற்றை நன்கொடை கேட்கும் அமைப்புகளாகப் பார்க்காமல், சேவை வழங்குபவர்களாகவே பார்த்து, அந்தச் சேவை எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த நோய்க்குச் சிகிச்சை கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதைச் சொல்லாமல் எந்த நிறுவனத்தையும் மதிப்பிட முடியாது. உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியா, மிதமிஞ்சி உண்டுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி போன்ற வழிகளை நாடும் புலிமியா, கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு ஆகியவற்றைத் தனியொரு மருத்துவர் பார்த்துக் குணப்படுத்திவிடுவது அரிது. உடல்நிலையைக் கண்காணிக்கும் மருத்துவர், உளவியல் சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர் ஆகியோர் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தங்களுக்குள் கலந்து பேசியபடி வேலை செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை வந்துபோகும் புறநோயாளி நிலை, வாரத்தில் பல நாட்கள் சில மணி நேரம் இருக்கும் தீவிர நிலை, பகல் முழுவதும் இருந்துவிட்டு இரவில் வீடு திரும்பும் நிலை, அங்கேயே தங்கும் நிலை, மருத்துவமனைப் படுக்கை என்று சிகிச்சைக்குப் பல படிகள் உண்டு; படி ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. நோயோ காத்திருப்பதில்லை: பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011-இல் வெளியான ஆய்வொன்று, அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படுவதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கணக்கிட்டது. இத்தனைக்கும் மேலே, ‘நான் அவ்வளவு மோசமாக இல்லை, என்னைவிட நோயுற்றவர்களுக்கு அந்த இடம் போகட்டும்’ என்று நோயாளியையே சொல்ல வைப்பது இந்த நோயின் குணங்களில் ஒன்று. பணமில்லாதது ஒரு தடை என்றால், உதவி கேட்கும் தகுதி தனக்கில்லை என்ற எண்ணம் இன்னொரு தடை. இந்த இரண்டாவது தடையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நிறுவனம் எது என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்த விடை, அமெரிக்காவில் இயங்கும் ‘பிராஜெக்ட் ஹீல்’. சிகிச்சையின்போது சந்தித்து நண்பர்களான லியானா ரோசன்மன், கிறிஸ்டினா சாஃப்ரன் என்ற இரு பதின்வயதுப் பெண்கள் 2008-இல் இதைத் தொடங்கினார்கள். தங்கள் குடும்பங்களால் செலுத்த முடிந்த கட்டணத்தைச் செலுத்த முடியாத மற்றவர்களுக்காகப் பணம் திரட்டிச் சிகிச்சை உதவித்தொகையாகக் கொடுப்பதே ஆரம்பகால நோக்கம். மனதைத் தொடும் தொடக்கம்தான்; ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எங்கே முட்டி நிற்கும் என்பது புரிந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 88 லட்சம் பேர் தங்கள் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறுக்கு ஆளாவார்கள் என்று 2020-இல் டெலாய்ட் நிறுவனமும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும் உண்ணுதல் கோளாறுகளுக்கான வல்லுநர் கழகமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. தங்கிச் சிகிச்சை பெறும் ஒருவருக்கான கட்டணமே, பல நன்கொடை நிகழ்ச்சிகளில் திரட்டிய தொகையை ஒரேயடியாக விழுங்கிவிடக்கூடியது. இந்த வழியில் போனால் எத்தனை பேரின் கட்டணத்தை எத்தனை காலம் கட்டிக்கொண்டிருக்க முடியும்?

அதனால்தான் அந்த நிறுவனம் பின்னர் எடுத்த திருப்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று அதன் பணி நான்கு கூறுகளாக இருக்கிறது: உரிமம் பெற்ற மருத்துவ வல்லுநர் ஒருவரைக் கொண்டு இலவசமாக நோயை மதிப்பிட்டு, எந்தப் படிநிலைச் சிகிச்சை தேவை என்று எழுதித் தருவது, காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட உதவுவது, தன்னோடு இணைந்துள்ள சிகிச்சை மையங்களிலும் சிகிச்சையாளர்களிடமும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இடம் வாங்கித் தருவது, சிகிச்சையைச் சுற்றியுள்ள சில்லறைச் செலவுகளுக்குக் கையில் பணம் கொடுப்பது. விளம்பரத்தில் பளிச்சென்று தெரிவது மூன்றாவது. நான் முதலிடம் கொடுப்பதோ முதலாவதற்கு. மருத்துவர்கள் சந்தேகிக்கும் உருவத்தில் இல்லாத ஒருவர், அதாவது ஆணோ, நடுத்தர வயதினரோ, பருமனான உடல் கொண்டவரோ, இந்த நோயோடு பல ஆண்டுகள் நடமாடினாலும் பெயர் சொல்லி அடையாளம் காணப்படாமலே போய்விடுகிறார். நோயின் பெயர் ஒரு தாளில் எழுதப்படாத வரை காப்பீடும் இல்லை, பரிந்துரையும் இல்லை. அந்தத் தாளுக்காகச் செலவிடப்படும் தொகை, படுக்கைக்காகச் செலவிடப்படும் தொகையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் அந்தத் தாள் ‘உனக்கு இருப்பது நோய்தான், நீ கற்பனை செய்யவில்லை’ என்று அந்த மனிதரிடமே சொல்கிறது.

காப்பீட்டு வழிகாட்டுதலையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டைவிட மனநோய்க்குத் தருவதைக் கூடுதல் கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 2008-இலேயே சட்டம் இயற்றியது. 2016-இல் வந்த இன்னொரு சட்டம், தங்கிச் சிகிச்சை பெறுவது உட்பட உண்ணுதல் கோளாறுக்கான சிகிச்சைக்கும் அந்தச் சமத்துவம் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. சட்டம் இருந்தும், எடை ஓரளவு ஏறியதும் ‘இனி மருத்துவத் தேவை இல்லை’ என்று சிகிச்சையின் நடுவில் பணத்தை நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. மேல்முறையீடு எப்படி எழுதுவது, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மையத்துக்கு இந்த ஒருவருக்கு மட்டுமான தனி ஒப்பந்தம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கலைகள் அல்ல. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், தொண்டு நிறுவனத்தின் பணம் செலவாகாமலே, ஏற்கெனவே கட்டிய காப்பீட்டிலிருந்து சிகிச்சைக்கான பணம் வெளிவருகிறது. இதைவிடச் சிக்கனமான உதவி எனக்குத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. சேவை அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கு மட்டுமே. இலவச இடங்கள் சிகிச்சை மையங்களின் தாராளத்தை நம்பியிருப்பதால், தேவைக்கு ஏற்ற நேரத்தில், தேவைக்கு ஏற்ற படிநிலையில் இடம் அமையும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இன்னொன்று, விண்ணப்பம். எந்த உதவித் திட்டமும் வருமானத்தையும் நோயின் வரலாற்றையும் கேட்கத்தான் செய்யும், வேறு வழியில்லை. ஆனால் சாப்பிடாமல் களைத்து, தன்னை விடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், தனக்கு ஏன் உதவி வேண்டும் என்று எழுதிக் காட்டச் சொல்வதே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. நிரப்பத் தெரிந்த உறவினர் ஒருவர் வாய்த்தவர்களுக்கே உதவி எளிதாகச் சென்று சேர்கிறது. என் உறவுப் பெண் அப்படியொரு தாளை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் மடித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனின் ‘பீட்’ நிறுவனம் வேறொரு வகை. 1989-இல் உண்ணுதல் கோளாறுகள் சங்கம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இது, பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தரும் நாட்டில் இயங்குவதால், கட்டணத்தைவிடக் காத்திருப்பும் மறுப்புமே இதன் களம். தொலைபேசி உதவி எண், இணையவழிக் குழுக்கள் எல்லாம் இருந்தாலும், அதன் வெளியீடுகளிலேயே எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணத் துண்டறிக்கை: முதன்முதலாகக் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் கையில் எடுத்துச் செல்ல வேண்டியது. நோயாளி என்ன சொல்ல வேண்டும் என்று அது ஒரு பகுதியில் சொல்கிறது. மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு பகுதியில் மருத்துவருக்கே சொல்கிறது. உடல் நிறை குறியீட்டெண் போன்ற ஒற்றை அளவீட்டை மட்டும் வைத்துச் சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது என்பது மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். எங்களை எடைக்கருவியோடு திருப்பி அனுப்பிய அறையில் அந்த ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். பேசத் தயங்கும் நோயாளிக்குப் பதிலாக ஒரு தாள் பேசுகிறது. சிகிச்சையை எட்டச் செய்வது என்றால் இதையும்தான் சொல்ல வேண்டும்.

கவனித்துக்கொள்வோருக்கு ‘பீட்’ நடத்தும் பயிலரங்குகளுக்கு டால்பின் பெயரை வைத்திருப்பது முதலில் விளையாட்டாகத் தோன்றியது. கங்காருவைப் போலப் பைக்குள் வைத்துப் பொத்திக் காக்காமலும், காண்டாமிருகத்தைப் போல முட்டித் தள்ளாமலும், நீந்துபவரின் பக்கத்திலேயே நீந்தி, சில சமயம் முன்னே சென்று வழிகாட்டி, சில சமயம் பின்னே விலகி நிற்கும் டால்பினைப் போல இருக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் காண்டாமிருகம் யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பெற்றோருக்கென்றே இருக்கும் ‘ஃபீஸ்ட்’ அமைப்பும் 2008-இல் தொடங்கியதுதான். இந்த நோயைக் குழந்தைகளிடம் கண்ட பெற்றோரே நாடுகளைக் கடந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிதாக இந்தச் சுழலில் விழுந்த பெற்றோருக்கு முப்பது நாட்கள், நாளுக்கொன்றாக மின்னஞ்சலில் பாடம் அனுப்பும் இலவசத் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. பதின்வயதினருக்குக் குடும்பத்தையே சிகிச்சையின் மையமாக்கும் முறை லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவெடுத்தது. அதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைக்காத ஊர்களே உலகில் அதிகம். அந்த இடைவெளியை மின்னஞ்சல் நிரப்பாது என்றாலும், நள்ளிரவில் ஒரு தாய்க்கு அடுத்த வேளை உணவை எப்படி முன்வைப்பது என்று தெரிந்தால், அது சிகிச்சையின் ஒரு துண்டுதான். அமெரிக்காவில் 1976 முதல் இயங்கும் ‘அனாட்’ நடத்தும் இலவச ஆதரவுக் குழுக்களையும் இந்த வரிசையில் குறிப்பிட்டுக் கடந்து செல்கிறேன். நல்லவை, எளிதில் நுழையக்கூடியவை, ஆனால் சிகிச்சைக்கு மாற்று என்று அவர்களே சொல்வதில்லை.

சேவையை விரிவாக்குகிறோம் என்று சொல்லித் தடுமாறிய கதையும் பதிவில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய உண்ணுதல் கோளாறுகள் சங்கமான ‘நீடா’, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த தன் உதவி எண்ணை மூடப்போவதாக 2023-இல் அறிவித்தது. அதே சமயத்தில் அது முன்னிறுத்திய ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட், அதாவது தானாகப் பதில் தரும் உரையாடல் மென்பொருள், உதவி தேடி வந்தவர்களுக்கு எடைக் குறைப்பு ஆலோசனைகளைக் கொடுத்தது வெளிப்பட்டதும், அதையும் மே மாத இறுதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சாட்பாட் உதவி எண்ணுக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டதில்லை என்று சங்கம் விளக்கியது. இருக்கட்டும், அழைத்தவரின் பக்கமிருந்து பார்த்தால், நேற்று ஒரு குரல் இருந்தது, இன்று இல்லை. சேவையைப் பெருக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உணவையும் எண்களையும் பற்றிய ஒரே ஒரு தவறான வரி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை மற்ற யாரையும்விட நன்கு அறிந்திருக்க வேண்டிய இடத்திலேயே அது நடந்தது.

தொண்டு நிறுவனங்கள் செய்யக்கூடியவற்றில் மிக அதிகம் பேரைச் சென்றடைவது, அரசின் விதியை மாற்ற வைப்பதே என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. ‘பட்டர்ஃபிளை’ அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் நெடுங்காலம் வற்புறுத்தியதன் பின், 2019 நவம்பர் 1 முதல், அங்குள்ள மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதி பெறும் நோயாளி ஒருவருக்கு 12 மாதங்களில் 40 உளவியல் அமர்வுகளும் 20 உணவியல் அமர்வுகளும் வரை கட்டணச் சலுகை தரப்படுகிறது. அது கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யாது. ஆயினும் சிகிச்சை எவ்வளவு நீளமானது என்பதை அரசு ஏற்றுக்கொண்ட கணக்கு அது.

இந்த நிறுவனங்களில் எதற்கேனும் நன்கொடை தர எண்ணுபவர்கள் ஆண்டறிக்கையில் உதவி பெற்றோர் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்காமல், உதவி கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பியோர் எத்தனை பேர், எத்தனை நாள் காத்திருந்தார்கள், விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவர்களை யாரேனும் மீண்டும் அழைத்தார்களா என்றும் எழுதிக் கேட்கலாம். என் உறவுப் பெண் நான்காவது முறை அந்தத் தாளை எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் நிரப்பினேன்; கையெழுத்து மட்டும் அவளுடையது.