டுரான்ட், பெய்ன்: ஒரே மாதம், இரண்டு விலை

2025 ஜூனில் ஒரு வார இடைவெளியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் இரண்டு பெரிய டிரேடுகள் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றங்கள்) பேசி முடிக்கப்பட்டன. டெஸ்மண்ட் பெய்னை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்த மெம்ஃபிஸுக்குக் கிடைத்தது 4 முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகள் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை; தோற்ற அணிகளுக்குப் பெரும்பாலும் முன்வரிசை), ஒரு பிக் ஸ்வாப் (பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை), கூடவே வீரர்கள் கால்ட்வெல்-போப், கோல் ஆண்டனி. கெவின் டுரான்டை ஹூஸ்டனுக்குக் கொடுத்த ஃபீனிக்ஸுக்கோ ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், அந்த ஆண்டின் 10-வது பிக், 5 இரண்டாம் சுற்று பிக்குகள். பெய்ன் அதுவரை ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் (லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனதில்லை. டுரான்ட் 15 முறை ஆனவர். அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 26.6 புள்ளி எடுத்தவர்.

திறமைதான் விலை என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். ஒப்பந்தத்தைப் புரட்டினால் விளங்கிவிடும். பெய்னுக்கு வயது 26, இன்னும் 4 சீசன் கையெழுத்தாகியிருந்தது. டுரான்டுக்கு 36, மீதி ஒரே சீசன், அதற்குச் சம்பளம் 54.7 மில்லியன் டாலர். 2025-26-க்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 154.6 மில்லியன், அதில் டுரான்ட் 35 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார், பெய்ன் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவாக.

ஒப்பந்த ஆண்டு எவ்வளவு கனம் என்பதற்கு டுரான்டே சாட்சி. 2023 பிப்ரவரியில் புரூக்ளின் அவரை ஃபீனிக்ஸுக்கு விற்றபோது மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், பாதுகாப்பு நிபந்தனை (பிக் முன்வரிசையில் விழுந்தால் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் விதி) இல்லாத 4 முதல் சுற்று பிக்குகள், ஒரு ஸ்வாப் எல்லாம் வாங்கியது. அப்போது அந்த சீசன் போக இன்னும் 3 சீசன் பாக்கி. இரண்டரை ஆண்டில் அவர் ஆட்டம் அந்த அளவுக்கா சரிந்தது? இல்லை. கரைந்தது ஒப்பந்தம்தான்.

கடைசி ஆண்டில் நிற்கும் வீரர் "அங்கே போனால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் ஏலத்துக்கு வருகிற அணிகள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். டுரான்ட் விஷயத்தில் நடந்தது அதுதான்: அவர் விரும்பிய அணிகள் ஹூஸ்டன், மயாமி, சான் அன்டோனியோ. ஃபீனிக்ஸ் விற்றே ஆகவேண்டும் என்பதும் பிப்ரவரி முதலே ஊரறிந்த சேதி. போதாக்குறைக்கு அணியின் சம்பளப் பட்டியல் இரண்டாம் ஏப்ரனை, அதாவது உச்சவரம்புக்கும் மேலே லீக் வைத்த கடுமையான எல்லையை, தாண்டியிருந்தது. அந்த எல்லைக்கு மேலே இருக்கும் அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. மெம்ஃபிஸுக்கு இப்படி எந்த நெருக்கடியும் இல்லை. நல்ல விலை வராவிட்டால் பெய்னை வைத்துக்கொண்டே ஆடியிருக்கலாம். வாங்குகிறவருக்கோ அவசரம்: 2024-25-இல் மூன்று புள்ளி எறிதல் சதவீதத்தில் ஆர்லாண்டோவுக்குக் கடைசி இடம், பெய்னின் வாழ்நாள் சராசரி 41 சதவீதம்.

பிக்குகளை எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் போகும்படி ஓர் அணி விற்கக் கூடாது. 7 ஆண்டுக்கு அப்பாலும் விற்கக் கூடாது. அதனால்தான் 2024-இல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் தன்னுடைய பிக்குகளை 2025, 2027, 2029, 2031 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தது. தொலைவில் உள்ள, நிபந்தனையற்ற பிக்குக்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் அன்று அந்த அணி அடிமட்டத்தில் கிடக்கக்கூடும். நல்ல அணியின் அடுத்த ஆண்டு பிக் பெரும்பாலும் 20-க்குப் பிறகுதான் வரும்.

உடனே கோப்பைக்கு ஆடும் அணிக்கு ஹூஸ்டன் செய்ததே நல்ல பேரம் என்பேன். கிரீன், புரூக்ஸ் இருவர் சம்பளமும் சேர்ந்து டுரான்டின் தொகைக்கு ஏறத்தாழ ஈடாகிவிட்டது, எதிர்கால முதல் சுற்று பிக் ஒன்றுகூடக் கைவிட்டுப் போகவில்லை. டிரேடில் வராத ஆண்டுகளை அக்டோபரில் தனியாக வாங்கினார்கள்: 2 ஆண்டு நீட்டிப்பு, 90 மில்லியன் டாலர், அவர் கேட்டிருக்கக்கூடிய உச்சத் தொகையைவிடக் குறைவு.