வெளிநாட்டு நெடும்பயணம் போகிறவர்களுக்கு: டிராவல்ஸில் 64,500 ரூபாயை இழந்தவரின் எச்சரிக்கை

நாகர்கோவிலில் உள்ள ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் நான் கட்டிய பணத்தில் 64,500 ரூபாய் போய்விட்டது. ஊர் திரும்பிய கையோடு, அந்த அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். முதுகில் ஒரு பையோடு மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று மாதக்கணக்கில் சுற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் மாவட்டத்தில் இப்போது நிறைய இளைஞர்கள் இப்படிக் கிளம்புகிறார்கள் என்பதால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், புனித நாட்டுப் பயணம் செல்லும் குழுக்களுக்கும் பல ஆண்டுகளாகச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் இடம் அது. சுவர் முழுக்க எருசலேமில் எடுத்த குழுப் புகைப்படங்கள் இருந்தன. உரிமையாளர் என் ஊரைக் கேட்டார், தகப்பனார் பெயரைக் கேட்டார், என் சித்தப்பா சவூதி போனபோது அவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்றார். வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தேன், அது உண்மைதான். நான் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தது அந்த நிமிடத்தில்தான். "நீ தைரியமா போயிட்டு வா மக்ளே, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று தோளில் தட்டி அனுப்பினார்.

ஊர் திரும்பும் சீட்டுக்கு 24,000, ஆறு மாதப் பயணக் காப்பீட்டுக்கு 19,500, லாவோஸ், கம்போடியா விசாக்களுக்கு 12,000, வியட்நாம் விசாவுக்கு 9,000 என மொத்தம் 64,500 ரூபாய். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர் செல்லும் சீட்டுக்குத் தனியாகக் கட்டினேன். அது ஒன்றுதான் உண்மையான சீட்டு. அது சரியாக இருந்ததால் மீதி எதன்மீதும் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

தாய்லாந்திலிருந்து லாவோஸுக்குள் நுழைந்தபோது விசா தாள் எதுவும் வந்து சேரவில்லை. டிராவல்ஸில் கேட்டதற்கு, "அங்கேயே வாங்கிக்கோ, பிறகு கழிச்சிக்கிடலாம்" என்று பதில் வந்தது. வாங்கிக்கொண்டேன். லாவோஸின் தலைநகர் வியன்டியானிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பி, வியட்நாமின் காவ் ட்ரேவ் எல்லைச் சாவடியில் விடியும்வரை குளிரில் காத்துக் கிடந்தோம். என் கையில் இருந்த விசா தாளில் 90 நாட்கள், பல முறை நுழையலாம் என்று அச்சாகியிருந்தது. அதிகாரி தம் கணினியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, தேதி இருந்த வரியின் கீழே பேனா முனையை வைத்துக் காட்டினார். அதில் 30 நாட்கள், ஒரே முறை என்று இருந்தது. 50 டாலர் விசாவுக்கு என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, 25 டாலர் விசாவை எடுத்து, தாளைத் திருத்தி அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அவர்களுடைய மின்னஞ்சலையே போட்டிருந்தார்கள். இணையத்தில் அந்த விசாவைச் சரிபார்க்க அந்த மின்னஞ்சல் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

30 நாட்களில் வெளியேற வேண்டும் என்பதால், ஊர் திரும்பும் சீட்டின் தேதியை மாற்ற விமான நிறுவனத்தை அழைத்தேன். பணம் வந்து சேராததால் அந்தச் சீட்டு எப்போதோ ரத்தாகிவிட்டது என்றார்கள். இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டாமல் இருக்கையை மட்டும் பிடித்து வைத்தாலும் பிஎன்ஆர் எண் கிடைக்கும். நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தால் நம் பெயரும் வரும். கெடு முடிந்ததும் அது தானாகவே ரத்தாகிவிடும். பத்து நாள் சுற்றுலா போகிறவரிடம் இந்த வித்தை பலிக்காது, அவர் உடனே திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார். மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைகிறவர் திரும்பும் சீட்டைத் திறந்து பார்ப்பதே பயணத்தின் கடைசியில்தான். அந்த இடைவெளியை நம்பித்தான் இவர்கள் தொழில் செய்கிறார்கள்.

காப்பீடும் அப்படித்தான். வியட்நாமின் ஹுவே நகரில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனபோது, அப்படி ஒரு பாலிசியே கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. மொழி தெரியாத அந்த நாடுகளில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. லாவோஸின் லுவாங் பிரபாங்கில் விடுதி நடத்தும் ஒரு அம்மா, சீட்டு எதுவும் எழுதாமல் என் பெரிய பையை வாரக்கணக்கில் வைத்திருந்து, ஒரு பொருள் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். என் சித்தப்பாவைத் தெரிந்தவர்தான் என் 64,500 ரூபாயை விழுங்கினார்.

அதன்பின் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. முதலில் சர்வர் கோளாறு என்றார்கள். பிறகு, ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாளில் வந்துவிடும் என்றார்கள். அதற்கும் பிறகு, சார் குழுவோடு வெளிநாடு போயிருக்கிறார் என்றார்கள். கடைசியில் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள். இன்று நேரில் போனால், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பத்திரமா வந்து சேந்துட்டேல்லா மக்ளே, பிறகு என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார். பில் எங்கே என்றும் கேட்டார். அவர் அன்று தந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

விரிவாக எழுதும் நிலையில் நான் இல்லை, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விசா விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல்தான் இருக்க வேண்டும். பிஎன்ஆர் மட்டும் போதாது, 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் வழங்காத நிறுவனமாக இருந்தால், பணம் சேர்ந்துவிட்டதா என்று அவர்களையே அழைத்துக் கேளுங்கள். பாலிசி எண்ணையும் கிளம்புவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் சரிபாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. என் மனுவை இந்த வாரமே கொடுக்கிறேன்.

நான் படியிறங்கும்போது, பெரிய பையோடு ஒரு பையன் அதே மேசைமுன் உட்கார்ந்திருந்தான். பேச விடாமல் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தம்பி, இதை நீ படித்தால், உன் சீட்டுக்குப் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே விமான நிறுவனத்தை அழைத்துக் கேள்.