ஒரே ஈற்றுக் குட்டி என்று சொல்லி 2,40,000 ரூபாயை வாங்கிவிட்டான்: பன்றிக்குட்டி எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். போனது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பத்துக் குட்டி, ஒன்று 24,000 வீதம்.

வத்தளையில் மாமாவின் காணியில் சின்ன அளவில் பன்றி வளர்க்கிறோம். 2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மேல் மாகாணத்துப் பட்டிகளுக்குள் புகுந்த பிறகு நல்ல குட்டி தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. நத்தாருக்கு நூறு கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் இப்போதே குட்டி இறக்க வேண்டும். அதனால்தான் வீடு, வாகனம், போன் என்று எல்லாம் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் பார்த்தேன். "எட்டுக் கிழமைக் குட்டிகள், லார்ஜ் வைட் கலப்பு, ஒரே ஈற்று, 15 கிலோவுக்குக் குறையாது" என்று போட்டிருந்தது. லார்ஜ் வைட் என்பது வெள்ளைப் பன்றி இனம் ஒன்று; ஒரே ஈற்று என்றால் ஒரு தாய் ஒரே தடவையில் போட்ட குட்டிகள்.

கோல் எடுத்தால் ஆள் அன்பாகக் கதைக்கிறார். கேட்காமலே ஒரு கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். தாய் குட்டி போட்ட திகதி, ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த நிறை: 1.4, 1.5, 1.6. "தம்பி, பிறந்த நிறை எழுதி வைக்காதவனிட்ட குட்டி எடுக்காதீங்க" என்று அவரே சொன்னார். தொழில் தெரிந்த மனுஷன் சொல்கிற புத்திமதி அது. அதை நம்பித்தான் 2,40,000 ரூபாயையும் அவர் சொன்ன கணக்கில் போட்டேன்.

லொறி இரவில்தான் வந்தது. மழை வேறு. இறக்கிய கையோடு டிரைவர் கிளம்பிவிட்டான். விடிந்து பார்த்தால், பத்தில் பெரியதே ஒன்பது கிலோதான். சிலது ஏழு கூட இல்லை. இரண்டுக்கு நெற்றி புடைத்து, கண் பிதுங்கி, தலை உடம்புக்குப் பொருந்தாமல் நிற்கிறது. ஒன்றையொன்று கடித்து இரத்தக்காயம்.

மிருக வைத்தியர் வந்ததும் முதலில் காதைத்தான் பிடித்துப் பார்த்தார். வலது காதில் போடும் வெட்டு ஈற்றின் இலக்கம். ஒரு தாய் ஒரே தடவையில் போட்ட குட்டிகளுக்கு அந்த வெட்டு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே மூன்று விதமான வெட்டு! மூன்று ஈற்றிலும் கழித்துவிட்ட குட்டிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறான். பழக்கமில்லாத குட்டிகளைக் கலந்ததால்தான் அந்தச் சண்டையும்.

தீவனம் போட்டுத் தேற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னது கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பன்றி சினையாக இருப்பது ஏறக்குறைய 114 நாள். தசை நார்கள் எத்தனை என்பது அதற்குள், தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடும். பிறந்த பிறகு இருக்கிற நார் தடிக்குமே தவிர, எண்ணிக்கை கூடாது. தாய் பதினாலு, பதினாறு என்று போட்டால் வயிற்றில் இடமும் ஊட்டமும் பங்கு போய்க் குட்டிகளின் நிறை குறையும், ஒன்றுக்கொன்று வித்தியாசமும் கூடும். ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்தது முதல் நாள் சீம்பாலுக்கே முண்டியடிக்க முடியாமல் பின்னுக்குப் போகும். பால் கூடச் சுரக்கும் முன்பக்கக் காம்புகளைப் பெரிய குட்டிகள் பிடித்துக்கொள்ளும். தப்பிப் பிழைத்தாலும் நூறு கிலோவுக்கு வரப் பல கிழமைகள் கூட எடுக்கும், அதுவரை தீவனச் செலவு நம் தலையில். இறைச்சியிலும் கொழுப்புத்தான் கூட நிற்கும். நத்தார்க் கணக்கு அதோடு முடிந்தது.

உடனே குட்டி விற்றவனுக்குக் கோல் எடுத்தேன். "பிரயாணக் களைப்பு தம்பி, ரெண்டு நாளில தேறிடும்." அடுத்த நாள், "உங்கட தீவனம் சரியில்ல." காது வெட்டைப் பற்றிக் கேட்டதும் குரலே மாறியது. "ஏத்தும்போது பையன் மாத்திட்டான் போல, பார்த்துச் சொல்றன்." அதற்குப் பிறகு யாரோ ஒரு பையன் எடுத்து முதலாளி வெளியூர் என்றான். இப்போது என் நம்பரையே புளொக் பண்ணிவிட்டான். தளத்துக்கு அறிவித்தால், விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று பதில். விளம்பரத்தை எடுத்தார்கள். நேற்று அதே தாய்ப்பன்றிப் படம், வேறு நம்பரில் திரும்பவும் கிடக்கிறது! 2,40,000 ரூபாய் அங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொலிசுக்குப் போக நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டியைத் தாயோடு, பட்டியிலேயே, பகலில் பாருங்கள். தராசைக் கையோடு கொண்டுபோங்கள். வலது காதைப் பாருங்கள். கொப்பியின் படத்தை நம்பாதீர்கள், கொப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் லொறியில் ஏற்ற விடாதீர்கள். குட்டி இறங்கி, நிறுத்துப் பார்க்கும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். அந்தத் தாய்ப்பன்றிப் படத்தில் பின்னால் நீலத் தகரமும் உடைந்த சீமெந்துத் தொட்டியும் தெரியும். எங்கே கண்டாலும் கீழே எழுதுங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.