மனசாட்சி மறுப்பு: நான் போன ஒரு நாள் சட்ட வகுப்பு

பதினோரு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். கருக்கலைப்பில் உதவிக்கு நிற்க என் மனசு ஒப்புவதில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைச் சொன்னதற்கு, "டியூட்டி போட்டா நிக்கணும், இல்லேன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்கள். எனக்கு அப்படி ஒரு உரிமை உண்டா என்றே அன்று தெரியாது. அதனால்தான் மருத்துவப் பணியாளர்களுக்கான இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

காலைப் பகுதி அருமை. வக்கீல் சட்டத்தை வாசித்துத் தள்ளாமல் வழக்குகளை எடுத்துப் பேசினார். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம், மனசாட்சி ஒப்பாதவர் அந்தச் சிகிச்சையில் 'பங்கெடுக்க' வேண்டியதில்லை என்கிறது. பங்கெடுப்பது என்றால் எதுவரை? மேற்பார்வையும், மற்ற நர்ஸ்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும்கூட எங்களால் ஆகாது என்று கிளாஸ்கோவின் இரண்டு மருத்துவச்சிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2014இல் தோற்றார்கள். சிகிச்சையில் நேரடியாகக் கை வைப்பதுதான் பங்கெடுப்பு என்றது தீர்ப்பு. 1988இல், கருக்கலைப்புக்கான பரிந்துரைக் கடிதம் டைப் அடிக்க மறுத்த பெண்ணுக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. டியூட்டி லிஸ்ட் போடுவதையும் மறுக்கலாம் என்று இத்தனை நாள் நம்பியிருந்த எனக்கு அது பெரிய அடி. ஸ்வீடனில் இந்த அளவு உரிமைகூட இல்லை. அங்கிருந்து இருவர் கொண்டுபோன புகார்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020இல் விசாரணைக்கே ஏற்கவில்லை.

மதியம் ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். பேஷன்டாக நடித்தவர், "சிஸ்டர், என்னைப் பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டதும் நான் என் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பயிற்சியாளர் நிறுத்தினார். "உங்க நம்பிக்கை அவங்களுக்கு வேண்டாம். 'இன்னொரு சிஸ்டரைக் கூப்பிடறேன், அவங்க வர்ற வரைக்கும் உங்ககூடவே இருக்கேன்'னு சொல்லுங்க, போதும்." திரையில் எதிரே இருந்தவரின் முகம் அந்த வார்த்தையில் இளகியதைப் பார்த்தேன். நடிப்புதான், ஆனாலும்.

குறையும் உண்டு. நைட் ஷிப்டில் தனியாக இருக்கும்போது மாற்று ஆள் இல்லையென்றால்? மூன்று பேர் கேட்டோம். உயிருக்கு ஆபத்தென்றால் மறுக்கவே முடியாது என்பதோடு வகுப்பெடுத்தவர் முடித்துக்கொண்டார். அது எங்களுக்கும் தெரியும். அந்த அளவு அவசரமில்லாத ராத்திரிகளைப் பற்றித்தான் கேட்டோம். பயிற்சி மாணவிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடைசியில் மறுப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். டியூட்டி போட்ட பிறகு நீட்டாமல் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டிய கடிதம். மறுநாளே மேட்ரனிடம் கொடுத்து, பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.