பெரியப்பாவின் அம்பாசடர்: ஓட விடுவதா, உரித்துக் கட்டுவதா, எஞ்சினை மாற்றுவதா?

1994-இல் பெரியப்பா கண் ஆபரேஷனுக்கு அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்திய வண்டி இது. 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். போன வருஷம் என் கைக்கு வந்தது, கூடவே ஊர்ப்பட்ட யோசனைகளும் வந்தன. சாரமாகப் பார்த்தால் மூன்று வழிதான். இருக்கிற கோலத்திலேயே ஓட வைப்பது ஒன்று, கடைசி நட்டு வரை கழற்றிப் புதுசு போலக் கட்டுவது இன்னொன்று, பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் கம்பெனியான இசுஸுவின் எஞ்சினை இறக்குவது மூன்றாவது. நான் முதல் வழியில் போனேன். அதற்காக மற்ற இரண்டும் தப்பு என்று சொல்லவில்லை, அந்தந்த வழியில் போனவர்களின் வண்டிகளையும் கிட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஓட வைப்பது என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது, புது பேட்டரியைக் கட்டி ஒரு செல்ஃப் அடித்துப் பார்ப்போமே என்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். முப்பது வருஷம் அசையாத பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும், பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், வால்வு ஒட்டியிருந்தால் அதைத் தள்ளும் புஷ் ராடு வளையும், அப்புறம் லேத்துக்குப் போய் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யாமல் தீராது. நாங்கள் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி விட்டுவிட்டோம். தினமும் சாயங்காலம் நாலாவது கியரில் போட்டு, இரண்டு பேர் பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், ஃபேன் பிளேடு அரை விரற்கடை நகர்ந்தது. வயதான மெக்கானிக், "தம்பி, போதும், இன்னைக்கு இதோட விடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆயில் ஊற்றினார்.

அதற்கப்புறமும் ஸ்டார்ட் செய்துவிடவில்லை. ஏர் கிளீனரைத் திறந்தால் எலி வைக்கோலும் சாக்கு நாரும் வைத்துக் குடித்தனம் நடத்தியிருந்தது. பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றி, பிளக் இல்லாமல் ஹேண்டில் போட்டுக் கையாலேயே சுற்றி, மேலே வால்வை அமுக்கும் ராக்கர் வரைக்கும் ஆயில் ஏறுகிறதா என்று பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் காயிலிலிருந்து பொறி வந்தது. டேங்கில் இருந்தது வார்னிஷ் வாடை அடிக்கும் பிசின், அதனால் டேங்கைத் தொடாமல் பானெட் ஓரத்தில் ஒரு சின்ன கேனைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக கார்புரேட்டருக்கு ஓஸ் கொடுத்தோம். எஞ்சின் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை, சைலன்ஸரிலிருந்து எலி சேர்த்த உமியாகக் கொட்டியது.

இந்தச் சந்தோஷத்தில்தான் நிறையப் பேர் தெருவுக்கு வண்டியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். எங்கேயாவது ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் வீல் சிலிண்டர் உள்ளே துரு. ரப்பர் ஓஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஓஸ் எல்லாம் புதுசு, டயரும் ட்யூபும் புதுசு. பட்டன் தேயவில்லையே என்று பழைய டயரில் போகக் கூடாது, ரப்பர் கல்லாகியிருக்கும். என் செலவில் பாதிக்கு மேல் இதில்தான் போயிற்று, அப்படியும் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது.

இரண்டாவது வழி, உரித்துக் கட்டுவது. நண்பர் ஒருவர் இப்படித்தான் தன் மார்க் 2-வை ஒரு டிங்கர் பட்டறையில் விட்டார். மூன்று வருஷம் ஆகிறது, கதவுகள் ஓரிடம், கிரில் ஓரிடம், நட்டு போல்ட் எல்லாம் பெயின்ட் டப்பாக்களில். எதற்கு எது என்று கழற்றியவருக்கே இப்போது ஞாபகமில்லை. இன்னொரு சங்கதி, அம்பாசடருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேஸி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி பாடியைத் தூக்கித் தனியே வைத்துவிட்டு அடியில் வேலை பார்க்க முடியாது. ஃப்ளோரும் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லும் அரித்திருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் பலமே போயிற்று என்று அர்த்தம். அப்படியொரு வண்டி என்றால் இந்த வழியைத் தவிர வேறு கதியில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், பட்டி போட்டு மூடிய இடம் 'சத்'தென்று கேட்கும். தகடு கெட்டியாக இருக்கும்போது வெறும் பளபளப்புக்காக உரிப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

மூன்றாவது வழியை ஏளனம் செய்யும் ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1992-லிருந்து அம்பாசடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே 1,817 சிசி இசுஸு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து அம்பாசடர் விற்றது, ஆகவே இது வேற்றுரத்தம் ஒன்றுமில்லை. பழைய 1,489 சிசி எஞ்சினை விட இழுவை அதிகம், ஏசி போட்டாலும் தாங்கும், தினமும் ஆபீசுக்கு ஓட்டலாம். ஆனால் அந்த வேகத்துக்குப் பழைய டிரம் பிரேக் போதாது, முன்னால் டிஸ்க் மாற்றியாக வேண்டும். எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்டிஓ அனுமதியும் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பட்டறையில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

காகிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'விஏ' என்று வரும் தனி நம்பர், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய மூன்றெழுத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆசை காட்டியதே அதுதான். நிபந்தனை என்னவென்றால் எஞ்சினிலோ சேஸியிலோ பாடியிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதோடு அன்றாடம் ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இப்படித்தான் எடுக்கலாம். ஆக, இசுஸு போட்டவருக்கு விண்டேஜ் இல்லை, விண்டேஜ் வாங்கியவருக்கு ஆபீஸ் பயணம் இல்லை.

பெட்ரோலிலும் ஒரு கணக்கு உண்டு. இந்த வண்டி தூங்கப் போனபோது பங்கில் ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றினார்கள், 2000 பிப்ரவரியோடு அது நாடு முழுக்க நின்றது. இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் சீட் மெதுவாகத் தேயும், அது கிடக்கட்டும், மாதம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பல வருஷம் ஆகும். எத்தனால் அப்படியில்லை, பழைய ஓஸையும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரமையும் சீக்கிரமே ஊறவைத்துக் கெடுத்துவிடும். பெட்ரோல் ஒழுகும் இடத்துக்குப் பக்கத்திலேயே சூடான சைலன்ஸர் குழாய். அதனால் எந்த வழியில் போனாலும் எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றிவிடுங்கள்.

தகடு கெட்டி, எஞ்சின் சுற்றுகிறது என்றால் முதல் வழி. ஆறு மாதம் ஓட்டினால் உண்மையிலேயே எது பழுது என்று வண்டியே காட்டிக் கொடுக்கும், அப்புறம் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்யலாம். உரித்துவிட்ட வண்டியிடம் அதைக் கேட்க முடியாது. தகடு போய்விட்டதென்றால் இரண்டாவது, அதுவும் கழற்றும்போதே போட்டோ எடுத்துப் பெயர் எழுதி வைக்கிற பட்டறை கிடைத்தால். தினசரி வண்டிதான் வேண்டும் என்றால் மூன்றாவது, ஆனால் அதற்கு ஏற்கெனவே எஞ்சின் செத்துப்போன வண்டியைத் தேடிப் பிடியுங்கள், நல்ல எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள்.

என் வண்டி மங்கிய பெயின்ட்டோடு அப்படியே ஓடுகிறது. பெரியப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் "கிளட்சை முழுசா அமுக்குடா" என்கிறார். மழை பெய்தால் அவர் கால் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் சொல்லியிருக்கிறேன், பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.